பட்டினிக்கு இரங்காதவர்கள் பந்தயத்துக்கு இறங்கி வந்தார்கள்

2015 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஃபுட்பால் அணி பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடியது. ஐந்தில் வென்றது, ஏழில் தோற்றது. கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டு வரியில் எழுதி மூடிவிடக்கூடிய பருவம் அது. ஆனால் நம் படிப்பு வட்டங்களில் எடுத்துப் பேச வேண்டிய பருவம் அது என்று நாம் நினைக்கிறோம். அந்த நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அந்த அணியின் கறுப்பின ஆட்டக்காரர்கள் இனி ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். திங்கள் காலை பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

இது எப்படி நடந்தது? அதைவிட முக்கியமாக, இதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது?

முதலில் ஒரு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது நம் ஊர்த் திடல்களில் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, ஆளோடு ஆள் மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். அந்த நாட்டில் கல்லூரி ஃபுட்பால் என்பது பெரும் வியாபாரம். மிசௌரி பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் 2015 இல் சுமார் 70,000 பேர் உட்கார இடம் இருந்தது. தொலைக்காட்சி உரிமை, நுழைவுச்சீட்டு, முன்னாள் மாணவர்களின் நன்கொடை என்று பணம் கொட்டும். அணியின் பயிற்சியாளர் கேரி பிங்கெல் அப்போது ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர் சம்பளம் வாங்கினார். பல்கலைக்கழகத் தலைவரின் சம்பளம் அதன் அருகில்கூட வராது.

மோதி அடிபடுகிற ஆட்டக்காரர்களுக்கு அப்போது சம்பளம் கிடையாது. படிப்புச் செலவுக்கான உதவித்தொகைதான். அவர்களைத் தொழிலாளர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே 'மாணவ விளையாட்டு வீரர்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைக்க அனுமதி கேட்டுப் போராடினார்கள். அந்த மனுவை அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியம் தள்ளுபடி செய்ததும் அதே 2015 ஆகஸ்டில்தான். மிசௌரி அணியில் உதவித்தொகை பெற்ற ஆட்டக்காரர்களில் பாதிக்கும் மேல் கறுப்பர்கள். அதே வளாகத்தின் மொத்த மாணவர்களில் கறுப்பர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. திடலில் நிறைய, வகுப்பறையில் கொஞ்சம். இந்தக் கணக்கு எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? விளையாட்டு விழாவில் கோப்பையோடு படமெடுக்க நம் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துகிறவர்களையும், ஆசிரியர் நியமனப் பட்டியல் வந்தால் தகுதி பேசுகிறவர்களையும் நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1930களில் லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அங்கே சட்டம் படிக்க விண்ணப்பித்தார். தகுதி இருந்தது, இடம் தர மறுத்தார்கள். வேறு மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1938 இல் தீர்ப்பு கெய்ன்ஸுக்குச் சாதகமாக வந்தது. 1939 இல் அவர் காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் முதல் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது 1950 இல்தான். 2015 இல் போராடிய மாணவர்கள் தங்கள் குழுவுக்கு 'கன்சர்ன்ட் ஸ்டூடன்ட் 1950' என்று பெயர் வைத்தது அதனால்தான். தங்கள் வரலாறு தெரிந்த பிள்ளைகள்.

அந்த ஆண்டு செப்டம்பரில், மாணவர் பேரவைத் தலைவராக இருந்த கறுப்பின மாணவர் வளாகத்தருகே நடந்து போனபோது, வண்டியில் வந்தவர்கள் அவரை இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். அக்டோபர் 10 அன்று முன்னாள் மாணவர்கள் கூடும் ஊர்வலத்தில் பல்கலைக்கழகத் தலைவர் டிம் வுல்ஃப் வந்த காரைக் கறுப்பின மாணவர்கள் கைகோத்து மறித்தார்கள். 1839 இல் தொடங்கி வளாகத்தின் நிறவெறி வரலாற்றை ஒவ்வொருவராக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தலைவர் காரை விட்டு இறங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அன்று மாலை அணி ஃப்ளோரிடாவிடம் தோற்றது. அக்டோபர் கடைசியில் ஒரு விடுதியின் கழிவறைச் சுவரில் மலத்தால் ஸ்வஸ்திகா வரைந்திருந்தார்கள்.

நவம்பர் 2 அன்று முதுகலை மாணவர் ஜோனதன் பட்லர் உண்ணாவிரதம் தொடங்கினார். தலைவர் பதவி விலகும்வரை, அல்லது தன் உயிர் போகும்வரை என்றார். ஓராண்டுக்கு முன் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றபோது அங்கே போய்ப் போராடியவர் அவர். ஃபெர்குசன் அந்த வளாகத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். அவருக்கு ஆதரவாக மாணவர்கள் புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள்.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள் போனது. ஐந்தாம் நாள் தலைவரை வழிமறித்த மாணவர்கள், திட்டமிட்ட ஒடுக்குமுறை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். வெற்றி பெறச் சம வாய்ப்பு உங்களுக்கு இல்லை என்று நீங்கள் நம்புவதுதான் அது என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அதாவது, குறை உங்கள் மனதில் இருக்கிறது, எங்கள் வளாகத்தில் இல்லை. 'தாழ்வு மனப்பான்மையை விடுங்கள்' என்று நமக்கு அறிவுரை சொல்லாத கல்லூரி நிர்வாகி உண்டா?

இன்னொரு பேச்சும் கிளம்பியது. பட்லரின் தந்தை பெரிய ரயில்வே நிறுவனத்தில் உயர் அதிகாரி, வசதியான வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஒடுக்குமுறை என்று கேட்டார்கள். 'கலெக்டர் மகனுக்கு எதற்கு இடஒதுக்கீடு' என்ற கேள்வியின் அமெரிக்கப் பதிப்பு இது. காசு வந்தால் தோலின் நிறம் மாறுமா? சாதிச் சான்றிதழில் சாதி மாறுமா?

இந்த வாரத்தில்தான் ஆட்டக்காரர்களில் சிலர் கூடாரத்துக்கு வந்தார்கள். பட்டினியில் வாடிக்கிடந்தவரைப் பார்த்துப் பேசினார்கள். திரும்பிப் போய்த் தங்கள் அணியில் மற்றவர்களோடு பேசினார்கள். நவம்பர் 7, சனிக்கிழமை இரவு ஒரு படம் வெளிவந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்கள் கைகோத்து நிற்கிறார்கள், நடுவில் பட்லர். தலைவர் போகும்வரை ஃபுட்பால் தொடர்பான எந்த வேலையும் செய்ய மாட்டோம் என்பது அறிவிப்பு.

அவர்கள் எதைப் பணயம் வைத்தார்கள் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அணி வரிசையாக நான்கு ஆட்டங்கள் தோற்றிருந்த நேரம் அது. தோற்கிற அணிக்கு யாரும் பரிந்து பேச மாட்டார்கள். உதவித்தொகை போனால் படிப்பு போகும். தொழில்முறை அணிகளில் சேரும் கனவு போகும். பலருடைய குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். நம்மில் முதல் பட்டதாரிகளாக இருப்பவர்களுக்கு அந்தப் பயம் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் ஞாயிறு, பயிற்சியாளர் பிங்கெல் வெள்ளையர், கறுப்பர் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டார். அணி ஒன்றாக இருக்கிறது, ஆட்டக்காரர்கள் பின்னால் நாங்கள் நிற்கிறோம் என்று அறிவித்தார். பயிற்சி நிறுத்தப்பட்டது. அடுத்த சனிக்கிழமை கான்சஸ் சிட்டியில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். மிசௌரி ஆட வராவிட்டால் ஒப்பந்தப்படி 10 லட்சம் டாலர் தண்டம் கட்ட வேண்டும். திங்கள் காலை தலைவர் வுல்ஃப் விலகினார். அன்றே வளாகத்தின் சான்சலரும் அந்த ஆண்டு முடிவில் பதவியிலிருந்து இறங்குவதாக அறிவித்தார். பட்லர் உண்ணாவிரதத்தை முடித்தார்.

ஒரு மனிதன் ஒரு வாரம் பட்டினி கிடந்ததற்கு அசையாத நிர்வாகம், ஓர் ஆட்டம் நின்றுபோகும் என்றதும் ஒன்றரை நாளில் அசைந்தது. இதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

உண்ணாவிரதம் எதிராளியின் மனசாட்சியை நம்பி நடத்தும் போராட்டம். என் உயிர் உனக்குப் பொருட்டு என்ற நம்பிக்கையில் தொடங்குவது அது. 1932 இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது சில நாட்களுக்குள் நாடே பதறியது. தலைவர்கள் ரயிலேறி ஓடினார்கள். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் அண்ணல் அம்பேத்கர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. தனி வாக்காளர் தொகுதி உரிமை கையைவிட்டுப் போனது. காந்தியின் உயிர் இந்த நாட்டுக்குப் பொருட்டாக இருந்ததால் அந்தப் பட்டினி ஆயுதமாயிற்று. யாருடைய உயிருக்கு விலையில்லை என்று சமூகம் முடிவுகட்டி வைத்திருக்கிறதோ, அவர்களுடைய பட்டினி வெறும் பட்டினியாகவே முடியும். பட்லரின் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர் படுத்துக்கிடந்திராவிட்டால் அந்த ஆட்டக்காரர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் நிர்வாகத்தை அசைத்தது அவர் பசியல்ல, அவர்களுடைய உழைப்பின் நிறுத்தம்.

இது நமக்குப் புதியதும் அல்ல. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று நம் ஊர்களில் பெரியவர்கள் சொன்னபோது ஊர்த்தெருவுக்குக் கோபம் வந்ததே, ஏன்? அடிப்பதை இழிவு என்றவர்களே அடிக்க ஆளில்லாமல் தவித்தார்கள். 2016 இல் உனாவில் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபிறகு, குஜராத் தலித்துகள் செத்த மாட்டைத் தூக்க மறுத்தார்கள். மாட்டுடல்களைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். எந்த வேலைக்காக நம்மை ஒதுக்கினார்களோ அந்த வேலையை நிறுத்தினால்தான் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரிகிறது.

விளையாட்டிலும் இதற்கு முன்னோடி நம்மிடம் உண்டு. பல்வங்கர் பாலு என்ற சமார் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர், 1911 இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். அவருக்கு இந்து அணியின் தலைமை ஒருபோதும் தரப்படவில்லை. 1920 இல் அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் அறிக்கை வெளியிட்டு அணியிலிருந்து விலகினார்கள். மூன்று ஆண்டுகளில், 1923 இல், அந்த அணிக்கு விட்டல் தலைவரானார். மட்டையைக் கீழே வைத்ததும் அவர்கள் ஆடிய ஆட்டங்களில் ஒன்றுதான்.

'விளையாட்டில் அரசியல் கலக்கலாமா' என்று கேட்பவர்கள் வருவார்கள். 'சோறு போட்டுப் படிக்க வைத்த கல்லூரிக்கு எதிராகவா' என்று கேட்பவர்களும் வருவார்கள். உதவித்தொகை பிச்சை அல்ல, அது உழைப்பின் கூலியில் ஒரு சிறு துண்டு. அது உரிமை என்று தெரிந்தவன் கைகட்டி நிற்க மாட்டான். அரசியலைப் பொறுத்தவரை, அது ஏற்கெனவே திடலில்தான் இருந்தது. யார் ஆடுவது, யார் சம்பாதிப்பது, யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் அரசியல் இல்லாமல் வேறென்ன?

ஆனால் ஆட மறுத்தால் வெற்றி நிச்சயம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1969 இல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த அணி அந்தப் பருவத்தில் நான்கு ஆட்டங்கள் ஆடி நான்கிலும் வென்றிருந்தது. ஐந்தாவது ஆட்டம் மோர்மன் சபை நடத்தும் அதே பிரிகம் யங் பல்கலைக்கழகத்துடன். அன்று அந்தச் சபை கறுப்பர்களுக்குக் குருத்துவம் மறுத்து வந்தது. 1978 வரை அப்படித்தான். அதை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணியலாமா என்று பேச, பதினான்கு கறுப்பின ஆட்டக்காரர்கள் கையில் பட்டையோடு பயிற்சியாளர் லாயிட் ஈட்டனிடம் போனார்கள். அவர் பேசவிடவே இல்லை. பதினான்கு பேரையும் அங்கேயே அணியிலிருந்து நீக்கினார். ஆளுநரும் நிர்வாகக் குழுவும் பயிற்சியாளர் பக்கம் நின்றார்கள். நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. மறுநாள் வெள்ளையர் மட்டுமே ஆடிய அணி 40-7 என்று வென்றது. அரங்கம் ஆர்ப்பரித்தது.

அந்த ஆர்ப்பரிப்பு நீடிக்கவில்லை. பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் வயோமிங் தோற்றது. அடுத்த ஆண்டு பத்தில் ஒன்றில்தான் வென்றது, ஈட்டனின் பயிற்சியாளர் பதவியும் போனது. ஆனால் அந்தப் பதினான்கு பேரின் இளமை? பல்கலைக்கழகம் அவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2019 இல். ஐம்பது ஆண்டுகள் கழித்து.

1969 இல் பதினான்கு பேர் தனியாக நின்றார்கள். அவர்கள் ஒரு பட்டை அணிவதற்கு அனுமதி கேட்கப் போனார்கள், அதனால் மறுக்கும் அதிகாரம் பயிற்சியாளர் கையில் இருந்தது. 2015 இல் முப்பதுக்கும் மேற்பட்டோர் அனுமதி கேட்கவில்லை, அறிவித்தார்கள். அவர்களை நீக்கினால் அணியே இல்லை. பயிற்சியாளரும் மற்ற ஆட்டக்காரர்களும் பின்னால் வந்து நின்றார்கள். வெளியே மாணவர் இயக்கம் ஒன்று ஏற்கெனவே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தது. எண்ணிக்கை, தேவை, துணை, நேரம் நான்கும் சேர்ந்தன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலை கொடுப்பது நம் பிள்ளைகள்தான். தோழர்களை முன்னே தள்ளிவிட்டுப் பின்னால் நின்று கைதட்டுகிற தலைமை நமக்கு வேண்டாம்.

வெற்றிக்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைவர் விலகிய மறுநாளே கறுப்பர்களைச் சுடுவேன் என்று இணையத்தில் மிரட்டல் வந்தது. கறுப்பின மாணவர்கள் பயந்து அறைகளுக்குள் அடைந்தார்கள். ஓர் இளைஞர் கைதானார். டிசம்பரில், ஆட மறுக்கும் ஆட்டக்காரரின் உதவித்தொகையைப் பறிக்கச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவந்தார், எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் அங்கே முதலாண்டு மாணவர் சேர்க்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. விடுதிகள் சில மூடப்பட்டன. போராட்டம்தான் பல்கலைக்கழகத்தைக் கெடுத்தது என்று எழுதினார்கள். நோய் இருந்தபோது பேசாதவர்கள், நோயைச் சொன்னவர்கள் மேல் பழி போட்டார்கள். ஒரு தலைவர் போனதால் நிறவெறி போய்விடவில்லை. நாற்காலியில் ஆள் மாறுவதும் அமைப்பு மாறுவதும் ஒன்றல்ல என்பது நாம் பல தேர்தல்களில் பட்டு அறிந்தது.

அந்த அணி? நவம்பர் 14 அன்று கான்சஸ் சிட்டியில் ஆடியது, 20-16 என்று வென்றது. அதற்கு முந்தைய நாள்தான் பிங்கெல் தனக்குப் புற்றுநோய் இருப்பதையும் பருவத்தோடு ஓய்வு பெறுவதையும் அறிவித்திருந்தார். மீதி இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது.

மிசௌரி புல்வெளியில் கூடாரங்கள் பிரிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் திறந்தவெளியில் கூடாரம் போட்டார்கள். அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி என்று பொருள். ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். இரண்டு கூடாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நம்மால் இருக்க முடியவில்லை. வெளிவாடாவிலும் தோழர்கள் துணை நின்றார்கள். ஆனால் நிர்வாகத்தின் வரவுசெலவை ஒரு சனிக்கிழமை இரவில் நிறுத்திவிடக்கூடிய ஓர் அணி அங்கே இல்லை. ஒரு மாணவரின் உயிர் போனபிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

அதனால்தான் படிக்கிற தோழர்களிடம் இதைக் கேட்கிறோம். உங்கள் கல்லூரி எதை நம்பி ஓடுகிறது? அதில் உங்கள் கை எங்கே இருக்கிறது? ஆய்வுக்கூடத்திலா, திடலிலா, தரச்சான்றுக் குழு வரும் நாளில் மேடையேறும் கலைக்குழுவிலா, விடுதிச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் உங்கள் அம்மாவின் வயதுப் பெண்களிடமா? அந்தக் கைகள் ஒன்றையொன்று அறியுமா? உங்களில் ஒருவர் தனியாகப் படுத்துக்கிடக்கும் நாளில் கூடாரத்துக்கு வந்து பார்க்கிற ஆட்டக்காரர்கள் உங்களிடம் இருக்கிறார்களா?

அந்த உறவை இன்றே தொடங்குங்கள். பட்டினி கிடந்து நம் உடலை நாமே வருத்திக்கொள்வது கடைசி வழியாக இருக்கட்டும். நம் உடல் ஏற்கெனவே போதிய அளவு பட்டினி பார்த்துவிட்டது.